18446744073709551615: நெல்மணிக் கணக்கின் விடையைப் பிரித்துப் பார்ப்பம்

#1 · கொக்குவில் கொப்பி

சதுரங்கப் பலகையின்ர முதற் கட்டத்தில ஒரு நெல், அடுத்ததில ரெண்டு, பிறகு நாலு எண்டு 64 கட்டத்துக்கும் இரட்டிச்சுக்கொண்டு போற கணக்கு எல்லாருக்கும் தெரியும். பெருக்கல் விருத்தி படிப்பிக்கேக்க அதைச் சொல்லி, விடை 2⁶⁴ − 1 எண்டு எழுதி, அதோட அடுத்த கணக்குக்குப் போயிடுறது வழக்கம். விரிச்சு எழுதினா 20 இலக்கம்:

18446744073709551615

வலப்பக்கத்தில இருந்து ஏழேழு இலக்கமா வெட்டினா எங்கட வாசிப்பு வரும்: 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, 95,51,615.

இந்த எண்ணின்ர முதன்மைக் காரணிகள் ஏழு. ஒண்டும் ரெண்டு தரம் வராது.

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

இதில அஞ்சு பேருக்கு ஒரே சாயல்: 3, 5, 17, 257, 65537 எல்லாம் 2இன்ர ஏதோ ஒரு வலுவோட 1 கூட்டினது. 641க்கும் 6700417க்கும் அந்தச் சாயல் இல்லை. இந்த ரெண்டும் எங்க இருந்து வந்தது, கடதாசியும் பென்சிலும் மட்டும் வைச்சு எப்பிடிப் பிடிக்கிறது எண்டு படிப்படியா எழுதுவம். உயர்தரம் எடுக்கிற பிள்ளையளும் வாசிக்கினம். ஆனபடியா "இலகுவில் நிறுவலாம்" எண்டு தாண்டிப் போகாதேங்கோ.

#2 · மானிப்பாய் மடக்கை

தம்பி, சூத்திரத்துக்குப் போகாமல் பலகையை வைத்தே தொடங்கலாம். காரணிகள் பலகையிலேயே கிடக்கின்றன.

64 கட்டங்களையும் நடுவில் வெட்டி 32, 32 ஆக எடுங்கோ. 1ஆம் கட்டத்தில் 1 நெல், 33ஆம் கட்டத்தில் 2³² நெல். 2ஆம் கட்டத்தில் 2, 34ஆம் கட்டத்தில் 2 × 2³². பின்பாதியின் ஒவ்வொரு கட்டமும் முன்பாதியில் தனக்கு நேரான கட்டத்தின் 2³² மடங்கு. ஆகவே:

முழுப் பலகை = முன்பாதி + முன்பாதி × 2³² = முன்பாதி × (2³² + 1)

இப்போது முன்பாதியின் 32 கட்டங்களையும் 16, 16 ஆக வெட்டுங்கோ. அதே நியாயம்: 16 கட்டம் × (2¹⁶ + 1). பிறகு 8, பிறகு 4, பிறகு 2, கடைசியில் ஒரே ஒரு கட்டம், ஒரே ஒரு நெல். ஆறு வெட்டு, ஆறு அடைப்பு:

(2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)
= 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. காரணம் கையால் பார்க்கக்கூடியது: 3 × 5 = 15 = 17 − 2. 3 × 5 × 17 = 255 = 257 − 2. ஒவ்வொரு அடைப்பும் தனக்கு முன்னுள்ளவற்றின் பெருக்கத்தை விட 2 கூட. ஒரு முதன்மை எண் முன்னுள்ள ஒன்றையும் இதையும் சேர்த்து வகுத்தால் மிச்சமான 2ஐயும் வகுக்க வேண்டும். ஆனால் எல்லாம் ஒற்றை எண்கள். அதனால்தான் ஏழு காரணிகளில் ஒன்றும் திரும்ப வரவில்லை.

#3 · மீதி ஒன்று

அண்ணை, அடைப்பு ஆறு, காரணி ஏழு. முதல் அஞ்சு அடைப்பும் முதன்மை எண் எண்டது விளங்குது (65537ஐ 251 வரைக்கும் உள்ள முதன்மை எண்களால வகுத்துப் பாத்தாக் காணும்). அப்ப 4294967297 தான் ரெண்டா உடையுதோ?

#4 · மானிப்பாய் மடக்கை

ஓம், அதுவேதான். 17ஆம் நூற்றாண்டில் பெர்மா என்ற கணிதர் இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே முதன்மை எண்கள் என்று நம்பினார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் சரி. ஆறாவதில் பிழைத்தது. 1732இல் ஒயிலர் காட்டியது:

4294967297 = 641 × 6700417

பெருக்கிப் பார்க்கலாம்: 6700417 × 600 = 4020250200. 6700417 × 41 = 274717097. கூட்டினால் 4294967297.

ஆனால் பெருக்காமலே 641 வகுக்கும் என்று காட்ட ஒரு வழி உண்டு. எனக்கு எண் கணிதத்தில் மிகவும் பிடித்த நாலு வரி இதுதான். 641ஐ இரண்டு விதமாக எழுதுங்கோ:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴ (625 + 16)

முதல் வரியின்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ இன் மீதி −1 (640 என்பது 641இற்கு ஒன்று குறைவு). அதை நாலாம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ இன் மீதி 1. இரண்டாம் வரியின்படி 5⁴ இற்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³² இன் மீதி 1. அதாவது 2³² + 1 இன் மீதி 0. முடிந்தது.

பிள்ளைகள் பிழை விடும் இடம் மூன்றாம் படி. −1ஐ நாலாம் வலுவுக்கு உயர்த்தியதால் +1 ஆனது. ஆனால் 5⁴ இற்குப் பதிலாகப் போடும் −2⁴ இல் உள்ள சயக்குறி அப்படியே நிற்கும். அதையும் நேராக்கிவிட்டால் "2³² − 1 வகுபடும்" என்ற பிழையான முடிவு வரும்.

#5 · துவிதம்64

மடக்கை அண்ணை தந்தது வடிவான நிறுவல். ஆனா அது 641க்கு மட்டும் பொருந்துற பூட்டு. எந்த எண்ணுக்கும் வேலை செய்யிற திறப்பு திரும்பத் திரும்ப வர்க்கிக்கிறது. ஒவ்வொரு படியிலயும் மீதியை மட்டும் வைச்சிருக்கோணும்:

2⁸ = 256.
2¹⁶ = 256² = 65536. 641 × 102 = 65382. மீதி 154.
2³² → 154² = 23716. 641 × 36 = 23076. மீதி 640, அதாவது −1.
2⁶⁴ → 1.

ரெண்டு வர்க்கம், ரெண்டு வகுத்தல். 20 இலக்க எண்ணை முழுசா எழுதவே தேவையில்லை. 154² இல ஆரும் தடக்குப்பட்டா மீதி 640 வராது. வராட்டி அந்த வரியைத்தான் முதல்ல திரும்பப் பாக்கோணும்.

#6 · மீதி ஒன்று

641ஐ ஆரும் கையில தந்தா சரிபாக்கலாம். தராட்டி? 4294967297இன்ர வர்க்கமூலம் 65536. அது வரைக்கும் 6500க்கு மேல முதன்மை எண்கள் இருக்கு. ஒயிலர் எல்லாத்தாலயும் வகுத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டார்தானே?

#7 · கவராயம்

இல்லை தம்பி. அவர் பெரும்பாலானதைத் தொடாமலே ஒதுக்கினார். நிதானமா வாசியுங்கோ, இதுதான் இந்த எண்ணின்ர நடு எலும்பு.

'ப' எண்ட முதன்மை எண் 2³² + 1ஐ வகுக்குது எண்டு எடுப்பம். ப ஆல வகுக்கேக்க 2, 4, 8, 16 எண்டு போற வலுக்களின்ர மீதிகள் ஏதோ ஒரு இடத்தில 1க்குத் திரும்பி வரும், பேந்து அதே வரிசை சுத்தும். எத்தினை படியில 1 வருகுதோ அதைச் "சுற்று" எண்டு சொல்லுவம். 2³² இன் மீதி −1. வர்க்கிச்சா 2⁶⁴ இன் மீதி 1. ஆகவே சுற்று 64ஐ வகுக்கோணும்: 1, 2, 4, 8, 16, 32, 64 இல ஒண்டு. 32ஓ அதுக்குக் குறைஞ்சதோ எண்டா 2³² இன் மீதி 1 ஆகியிருக்கும். ஆனா அது −1. அப்ப சுற்று சரியா 64.

பெர்மாவின்ர சிறு தேற்றத்தின்படி 2இன்ர (ப − 1)ஆம் வலுவின்ர மீதியும் 1. ஆகவே 64, ப − 1ஐ வகுக்கும். ப எண்டது 64க + 1 வடிவம் (க ஒரு முழு எண்). எழுதிப் பாருங்கோ:

65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641

இதில முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. அஞ்சாவது முயற்சியில பிடிபடுது.

பிறகு 1878இல லூக்கா இன்னும் இறுக்கினார். ப இப்ப 8ஆல வகுக்க மீதி 1 வாற முதன்மை எண். அப்பிடியான எண்ணுக்கு, வர்க்கிச்சா மீதி 2 வாற ஒரு எண் 'ச' கட்டாயம் இருக்கும். ச² இன் மீதி 2 எண்டா ச⁶⁴ இன் மீதியும் 2³² இன் மீதியும் ஒண்டு, அதாவது −1. ச இன்ர சுற்று 128. ஆகவே ப = 128க + 1. இப்ப பட்டியல் 129, 257, 385, 513, 641. முதன்மை எண் ரெண்டே ரெண்டு. 257 ஏற்கெனவே மற்ற அடைப்பில இருக்கிறது, பொதுக் காரணி வராது எண்டு #2இல காட்டியாச்சு. மிஞ்சினது 641 ஒண்டுதான். ஒரே வகுத்தல்!

ஏழு காரணிகளின்ர சுற்றையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தா எவ்வளவு ஒழுங்கு எண்டு தெரியும். 3க்கு 2, 5க்கு 4, 17க்கு 8, 257க்கு 16, 65537க்கு 32, 641க்கும் 6700417க்கும் 64. இதால இன்னொரு கேள்விக்கும் பதில் வருகுது: 7, 11, 13 ஏன் காரணியா வரயில்லை? 7இன்ர சுற்று 3, 11இன்ரது 10, 13இன்ரது 12. ஒண்டும் 64ஐ வகுக்காது.

#8 · கொக்குவில் கொப்பி

கவராயம் அக்கா, அதே கத்தியால 6700417ஐயும் வெட்டலாம். அது முதன்மை எண் எண்டு ஒருதரும் இன்னும் காட்டேல்லை.

அதின்ர காரணியும் 2³² + 1இன்ர காரணிதானே. ஆகவே 128க + 1 வடிவமாத்தான் இருக்கோணும். வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுக்குள்ள அந்த வடிவத்தில 20 எண். முதன்மை எண்கள் அஞ்சு மட்டும்: 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒண்டும் 0 இல்லை. ஏழு இலக்க எண் ஒண்டு முதன்மை எண் எண்டு அஞ்சு வகுத்தலில உறுதி!

கவனிக்கவேண்டியது: 1537, 1793, 1921, 2177, 2561 எண்ட எண்களை முதன்மை எண் எண்டு நினைச்சுச் சும்மா வகுக்க வேண்டாம். 29 × 53, 11 × 163, 17 × 113, 7 × 311, 13 × 197.

#9 · மீதி ஒன்று

ஒரு சந்தேகம். கணிப்பானில 2இன் 64ஆம் வலு போட்டு 1ஐக் கழிச்சு 7ஆல வகுத்தன். 2.635249153 பெருக்கல் 10இன் 18ஆம் வலு எண்டு வருகுது. தசமம் ஒண்டும் மிஞ்சேல்லையே? போனில பிரவுசரின்ர கொன்சோலில 641ஆல மீதி எடுத்தா 1 எண்டு காட்டுது. ரெண்டும் இஞ்ச சொன்னதுக்கு நேர்மாறு.

#10 · துவிதம்64

ரெண்டும் கருவியின்ர எல்லை. கணக்கில பிழை இல்லை.

கணிப்பான் காட்டினது 10 இலக்கம். விடையில 19 இலக்கம் இருக்கு. தசமப் பகுதி எங்கயோ வலப்பக்கத்தில, திரைக்கு வெளியில. உண்மை விடை 2635249153387078802, மீதி 1. இந்த அளவில எந்த எண்ணால வகுத்தாலும் கணிப்பான் "சரியா வகுபடுது" மாதிரித்தான் காட்டும்.

பிரவுசர் விசயம் இன்னும் நுணுக்கம். ஜாவாஸ்கிரிப்டின்ர சாதாரண எண்வகை 53 துவித இலக்கம் வரைக்கும்தான் முழு எண்ணைச் சரியா வைச்சிருக்கும், அதாவது 9007199254740992 வரை. 2⁶³க்கும் 2⁶⁴க்கும் இடையில அதுக்கு 2048 விட்டு 2048தான் எண்கள் தெரியும். 18446744073709551615 எண்டு நீங்கள் அடிச்ச உடனே அது பக்கத்தில இருக்கிற 2⁶⁴க்குப் பாய்ஞ்சிடும். ஒண்டு கூடிப்போச்சு. ஆகவே ஏழு உண்மைக் காரணியில எதால மீதி எடுத்தாலும் 1 எண்டுதான் சொல்லும். 2ஆல எடுத்தா 0 எண்டும் சொல்லும், ஒரு ஒற்றை எண்ணுக்கு! திரையில 18446744073709552000 எண்டு தெரிஞ்சா இதுதான் நடந்திருக்கு. பிக்இன்ட் (எவ்வளவு பெரிய முழு எண்ணையும் அப்பிடியே வைச்சிருக்கிற) வகையில அடிச்சா சரி வரும்.

பைதனில முழு எண்ணுக்கு எல்லை இல்லை, மீதி சரியா வரும். ஆனா வகுக்கேக்க ஒற்றைச் சாய்கோடு போட்டா விடை தசம வகைக்கு மாறிக் கடைசி இலக்கங்கள் கெடும். இரட்டைச் சாய்கோடு போடுங்கோ. எக்செல் 15 இலக்கத்துக்குப் பிறகு எல்லாத்தையும் 0 ஆக்கிடும்: 18446744073709500000. அதில மீதி எடுக்கிற சார்பைப் போட்டா பிழைச் செய்திதான் வரும்.

இந்த எண் நிரல் எழுதிறவைக்கு அடிக்கடி எதிர்ப்படும். 64 பிட்டும் 1 ஆயிருக்கிற எண் இது. குறியில்லாத 64 பிட் மாறி ஒண்டில 0 இருக்கேக்க 1ஐக் கழிச்சா −1 வராது, இதுதான் வரும். பட்டியலைப் பின்னால இருந்து முன்னுக்கு எண்ணிற சுற்றில "0 அல்லது அதைவிடக் கூட இருக்கும்வரை" எண்டு நிபந்தனை போட்டா அந்தச் சுற்று ஒருநாளும் நிக்காது, ஏனெண்டா 0க்கு அடுத்தது இந்த ராட்சத எண். பதிவுக் கோப்பில 18446744073709551615 எண்டு கண்டா பெரிய தரவு எண்டு பயப்படாதேங்கோ, எங்கயோ 0இல இருந்து 1ஐக் கழிச்சிருக்கிறியள். இல்லாட்டித் தேடின எழுத்து கிடைக்கேல்லை எண்டதை சி பிளஸ் பிளஸ் அந்த எண்ணால சொல்லியிருக்கு.

#11 · மானிப்பாய் மடக்கை

கருவியே இல்லாமல் இந்த எண்ணை உண்டாக்கிச் சரிபார்க்கும் முறையையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

65536ஐ வர்க்கித்தால் 4294967296. இதை 42949 | 67296 என்று ஐந்தைந்து இலக்கமாக வெட்டுங்கோ. மூன்று பெருக்கல் போதும்:

42949² = (43000 − 51)² = 1844616601
2 × 42949 × 67296 = 5780591808
67296² = (67000 + 296)² = 4528751616

முதலாவதற்குப் பின்னால் பத்துச் சைபர், இரண்டாவதற்கு ஐந்து, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. வலப்பக்கம் நேராக்கிக் கூட்டுங்கோ:

18446166010000000000
578059180800000
4528751616
மொத்தம் 18446744073709551616

1ஐக் கழித்தால் எங்கள் எண். பிழைக்கும் இடம் பெரும்பாலும் நடு வரி: இரண்டால் பெருக்க மறப்பார்கள், அல்லது சைபரை நாலாகப் போடுவார்கள்.

சரிபார்க்க: விடையை மும்மூன்றாக வெட்டி, வலமிருந்து மாறி மாறிக் கூட்டிக் கழியுங்கோ. 615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016. 1001 = 7 × 11 × 13 என்பதால் 1016இன் மீதிகளே முழு எண்ணின் மீதிகள்: 7ஆல் 1, 11ஆல் 4, 13ஆல் 2. மறுபக்கம் வலுக்களின் சுற்றிலிருந்து பார்த்தாலும் 2⁶⁴ இன் மீதிகள் 2, 5, 3. ஒன்று குறைத்தால் 1, 4, 2. பொருந்துகிறது. இலக்கக் கூட்டுத்தொகை 87. 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. அதுவும் காரணிப் பட்டியலுக்குப் பொருத்தம்.

#12 · ஊரெழு உழவு

எண்ணைப் பற்றித்தான் எண்டாலும் நெல்லை ஒருக்கா அளந்து வைப்பம். கன இடங்களில "உலகமே கொள்ளாது" எண்டு எழுதி விட்டுவிடுகினம்.

1000 நெல் 25 கிராம் எண்டு எடுக்கிறன் (சம்பா மாதிரிச் சிறுமணி எண்டா குறையும்). 21ஆம் கட்டத்தில 1048576 நெல், 26 கிலோ. ஒரு புசல் நெல் 20.9 கிலோ கணக்கில அந்தக் கட்டத்தில ஒரு புசலும் கொஞ்சமும்தான். பலகையின்ர முன்பாதி முழுக்க 107 தொன், 5137 புசல். ஏக்கருக்கு 100 புசல் எடுத்தா 51 ஏக்கர் வயல். அது வரைக்கும் ஒரு ஊருக்குள்ள அடங்குற கணக்கு.

முழுப் பலகை 46,100 கோடி தொன். உலகம் ஒரு வருசத்தில விளைவிக்கிறது ஏறத்தாழ 80 கோடி தொன் நெல். அப்ப 570 வருசத்துக்கு மேல. ஒரு புசல் 36.4 லீற்றர் இடம் பிடிக்கும். யாழ்ப்பாண மாவட்டத்தின்ர 1025 சதுர கிலோமீற்றரிலயும் சமனாப் பரப்பினா உயரம் 780 மீற்றர். இலங்கை முழுக்கப் பரப்பினா 12 மீற்றர், நாலு மாடி.

#13 · கவராயம்

உழவு அண்ணை "முன்பாதி 5137 புசல்" எண்டு சொன்னதில உள்ள நெல்மணியின்ர எண்ணிக்கை 4294967295. கேத்திரகணிதத்தில அதுக்கு ஒரு தனி இடம் இருக்கு.

கவராயமும் அளவுகோடில்லாத நேர்விளிம்பும் மட்டும் வைச்சு எந்தெந்த ஒழுங்கான பல்கோணியை வரையலாம்? 1796இல காவுசு 17 பக்கம் வரையலாம் எண்டு காட்டினார். அதுக்குரிய விதியின்படி, பக்க எண்ணிக்கை ஒற்றை எண் எண்டா 2இன் வலுவோட 1 கூட்டின வேறு வேறு முதன்மை எண்களின்ர பெருக்கமா இருக்கோணும். மற்றது ஒண்டும் ஏலாது எண்ட பக்கத்தை 1837இல வன்செல் நிறுவினார். இண்டைக்கு வரைக்கும் தெரிஞ்ச அப்பிடியான முதன்மை எண்கள் அஞ்சு: 3, 5, 17, 257, 65537. அஞ்சையும் பெருக்கினா 4294967295. அதின்ர காரணிகள் 32. 1ஐத் தள்ளினா 31 பல்கோணி. இதைவிடப் பெரிய ஒற்றைப் பக்கப் பல்கோணி வரையலாம் எண்டு ஒருதருக்கும் தெரியாது.

இந்த இடத்தில 641 திரும்ப நிக்குது. 641 பக்கப் பல்கோணியை வரைய ஏலாது. 641 − 1 = 640 = 2⁷ × 5. அந்த 5 தான் தடை; 2இன் வலு மட்டும் மிஞ்சவேணும். பலகையின்ர முன்பாதியின்ர ஒவ்வொரு காரணியும் வரையக்கூடியது. பின்பாதியைச் சேர்க்க உள்ளுக்கு வாற ரெண்டு காரணியும் வரைய ஏலாதது.

பாஸ்காலின்ர முக்கோணியிலயும் (ஓரத்தில 1, உள்ளுக்கு ஒவ்வொரு எண்ணும் மேல உள்ள ரெண்டின்ர கூட்டுத்தொகை) இதே எண்களைக் காணலாம். ஒற்றை எண் இருக்கிற இடத்தில 1, இரட்டை எண் இருக்கிற இடத்தில 0 போடுங்கோ. ஒவ்வொரு வரிசையையும் துவித எண்ணா வாசியுங்கோ (மேல் வரிசை 0ஆம் வரிசை): 1, 11, 101, 1111, 10001, 110011... பத்தின் அடியில 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257. 0இல இருந்து 31 வரைக்கும் உள்ள 32 வரிசையும் 4294967295இன்ர 32 காரணியையும் ஏறுவரிசையில தரும். 63ஆம் வரிசை முழுக்க ஒற்றை எண், 64 ஒண்டு. அதுதான் எங்கட 18446744073709551615.

#14 · மீதி ஒன்று

அப்ப 0 தொடக்கம் 63 வரைக்கும் எழுதினா எங்கட எண்ணின்ர எல்லாக் காரணியும் வருமோ? ஏழு முதன்மைக் காரணி எண்டா மொத்தக் காரணி 2⁷ = 128. ஆனா வரிசை 64 தானே இருக்கு.

#15 · கவராயம்

நல்லாப் பிடிச்சியள். பாதிதான் வரும். வரிசை இலக்கத்தைத் துவிதத்தில எழுதினா எந்தெந்த அடைப்பைப் பெருக்கிறது எண்டு தெரியும்: 5 = 101, ஆகவே 5ஆம் வரிசை முதலாம், மூண்டாம் அடைப்பு, 3 × 17 = 51. அடைப்பு ஆறு எண்டபடியா 64 பெருக்கம். 32ஆம் வரிசை 4294967297. முக்கோணிக்கு அது ஒரே துண்டு. 641ஐயும் 6700417ஐயும் பிரிச்சுக் காட்டத் தெரியாது. 641 தனியா வாற 32 காரணியும், 6700417 தனியா வாற 32 காரணியும் எந்த வரிசையிலயும் இல்லை.

#16 · கொக்குவில் கொப்பி

லூக்கா பற்றி ஒரு இணைப்பு. 128க + 1 எண்டு இறுக்கின அதே ஆள்தான் 1883இல அனோய் கோபுரப் புதிரை வெளியிட்டவர்: மூண்டு தண்டு, அதுக்குரிய கதையில 64 வட்டு, சின்னதுக்கு மேல பெரிசு வைக்கக்கூடாது. ஆகக் குறைஞ்ச நகர்த்தல் 2⁶⁴ − 1. செக்கனுக்கு ஒண்டு எண்டா 58,454 கோடி வருசம்.

எந்த வட்டு எத்தினை தரம் நகருது எண்டு எண்ணினா, ஆகப் பெரிசு 1, அடுத்தது 2, அடுத்தது 4, ஆகச் சின்னது 2⁶³. சதுரங்கப் பலகையின்ர அதே 64 கட்டம். கையால செய்து பாக்கிறவைக்கு: வட்டு எண்ணிக்கை இரட்டை எண்டா முதல் வட்டு போய்ச் சேரவேண்டிய தண்டுக்கு இல்லாம மற்றத் தண்டுக்குப் போகோணும். அதில பிழைச்சா கோபுரம் வேற தண்டில முடியும்.

#17 · துவிதம்64

பாஸ்கால் முக்கோணியில 63க்கு அடுத்த வரிசையையும் பாத்திடுவம். 64ஆம் வரிசை 2⁶⁴ + 1 = 18446744073709551617. எங்கட எண்ணை விட ரெண்டு கூட, ஆகவே #2இல சொன்ன நியாயத்தால ஏழு காரணியில ஒண்டும் இதில வராது. இதையும் முதன்மை எண் எண்டு நம்ப வேண்டாம். 1880இல லாண்ட்ரி உடைச்சவர்:

274177 × 67280421310721

லூக்காவின்ர விதி இஞ்ச 256க + 1. 641க்கு க = 5 போதும். 274177க்கு க = 1071. அதுதான் ஒயிலருக்கும் லாண்ட்ரிக்கும் இடையில இவ்வளவு காலம்.

சரிபாக்கிறது #5இல சொன்ன அதே முறை:

2¹⁶ = 65536.
2³² = 4294967296. 274177 × 15665 = 4294982705. அதில இருந்து 15409 குறையுது, மீதி −15409.
2⁶⁴ → 15409² = 237437281. 274177 × 866 = 237437282.

ஒண்டு குறையுது. மீதி −1.

#18 · மீதி ஒன்று

15409²ஐக் கையால போட்டன்: 15400² = 237160000, 2 × 15400 × 9 = 277200, 9² = 81. கூட்ட 237437281. சரி. இனி 67280421310721 − 1ஐ 256ஆல வகுத்துப் பாக்கப் போறன்.